உறையாத கடலில் அன்டிஃபிரீஸ்: படகு டீசல் எஞ்சினுக்கு எந்தக் கூலன்ட்?

கிழக்குக் கரையில் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான சூட்டில்தான் இருக்கிறது. வாடைக் காலத்தில்கூட மட்டக்களப்பில் தண்ணீர் உறைந்து யாரும் கண்டதில்லை. அதனால் ஆழ்கடல் படகு வைத்திருப்பவர்களிடம் அன்டிஃபிரீஸ் பற்றி, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் பற்றிப் பேசினால் இரண்டு விதமான பேச்சு கேட்கும். ஒன்று, "அது குளிர் நாட்டுக்காரருக்கு, நமக்குக் கிணத்துத் தண்ணி போதும்." இன்னொன்று கடை வாசலில் கேட்பது: "காக்கா, பச்சைக் கூலன்ட் ஒண்டு தாங்க." முதலாமவர் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றுவதில்லை. இரண்டாமவர் நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறார். இரண்டுமே எஞ்சினைக் கெடுக்கும் வழிகள்.

இந்தக் கரையில் கூலன்டுக்கு உள்ள முதன்மையான வேலை, எஞ்சினின் உட்புறத்தைத் துருவிலிருந்தும் குழி அரிப்பிலிருந்தும் காப்பது. குளிரைத் தாங்கும் குணம் அதனோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: எஞ்சினுக்குள் என்னென்ன உலோகங்கள் இருக்கின்றன, சிலிண்டரின் உறையான லைனர் எப்படிப்பட்டது, எந்தத் தண்ணீரில் கலக்கப் போகிறோம். நிறம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

யாருடைய படகுக்கு இது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளில் பெரும்பாலானவை அவுட்போர்ட் மோட்டார் பூட்டிய ஃபைபர் படகுகள். அந்த மோட்டார்கள் தாம் ஓடும் தண்ணீரையே உறிஞ்சி, சுற்றவிட்டு, வெளியே தள்ளிவிடுகின்றன. அவற்றில் கூலன்ட் ஊற்ற இடமே இல்லை. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் உட்புறத்தைக் கழுவிவிட்டால் போதும்.

நாம் பேசுவது உள்ளே பூட்டிய டீசல் எஞ்சின்களைப் பற்றி. வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் பலநாள் படகுகள், கல்முனை, சாய்ந்தமருது, ஒலுவில் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எல்லாம் இந்த வகை. இவற்றிலும் சில சிறிய எஞ்சின்கள் கடல்நீரை நேரடியாக உள்ளே விட்டுக் குளிர்பவை. மூடி போட்ட தண்ணீர்த் தொட்டி எஞ்சின் மேலே இருந்தால் அது மூடிய சுற்றுள்ள எஞ்சின். கூலன்ட் அதற்குத்தான்.

மூடிய சுற்றுள்ள எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. கூலன்ட் எஞ்சின் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்க் கட்டு ஒன்றினூடாகக் கடல்நீர் ஓடி அந்தச் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் குழாயின் சுவர் மட்டும் நடுவில் நிற்கிறது. சில படகுகளில் இந்தப் பெட்டிக்குப் பதிலாக அடிப்பகுதியில், கடலுக்குள்ளே, குழாய் வளையங்களைப் பொருத்தி அதற்குள் கூலன்டைச் சுற்றவிடுவார்கள். எந்த முறையானாலும் படகு எஞ்சினுக்கு லொறி எஞ்சினைவிடக் கூலன்டின் சுமை கூடுதல். லொறியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் காற்றில் ஆறிவிடும். படகில் எஞ்சின் அறை அடைபட்டது, தீ ஆபத்தும் உண்டு, அதனால் மேனிஃபோல்டைச் சுற்றியும் தண்ணீர் ஓட வேண்டும். ஓடிக் களைத்த எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் சுற்று நின்றுபோய், அந்த இடத்தில்தான் முதலில் கொதிக்கும். நிறுத்துமுன் மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான்.

கிணற்றுத் தண்ணீர்க்காரர் சொல்வதில் உள்ள உண்மை

சூட்டைச் சுமக்கும் திறனில் எஞ்சினில் ஊற்றக்கூடிய எதுவும் தண்ணீரை மிஞ்சாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். அன்டிஃபிரீஸின் பெரும்பகுதியான எத்திலீன் கிளைக்கோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் அது ஏறத்தாழ 3.5 ஆகக் குறைகிறது. அன்டிஃபிரீஸ் கூடக் கூட எஞ்சின் நன்றாகக் குளிரும் என்று எண்ணி முழுவதையும் அப்படியே ஊற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலக்காத கிளைக்கோல் ஒரு மோசமான கூலன்ட். அது உறைவதுகூடக் கலவையைவிட முன்னதாக, ஏறத்தாழ கழித்தல் 13 பாகையிலேயே நடந்துவிடும்.

கொதிநிலையில் கிளைக்கோலுக்குக் கொஞ்சம் மேன்மை உண்டு. பாதிக்குப் பாதி கலவை 107 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும். தொட்டி மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அது 125 பாகையைத் தாண்டும். ஆனால் அதே மூடியோடு வெறும் தண்ணீரும் 118 பாகை வரை தாங்கும். ஆக, அழுத்தம் பிடிக்காத பழைய மூடியை மாற்றாமல் விலை கூடிய கூலன்ட் ஊற்றுவதில் பயன் குறைவு. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

குளிரூட்டலை மட்டும் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர்க்காரரின் பேச்சில் நியாயம் உண்டு. அவர் தவறவிடுவது உலோகத்தை. ஒரு படகு எஞ்சினின் மூடிய சுற்றில் வார்ப்பிரும்பு பிளாக், சில சமயம் அலுமினிய ஹெட் அல்லது மேனிஃபோல்ட், செம்பு நிக்கல் குழாய்கள், பித்தளைப் பொருத்துகள், பழைய கூலர்களில் ஈயப் பற்றாசு என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. மின்சாரம் கடத்தும் தண்ணீரில் வேறு வேறு உலோகங்கள் தொடர்போடு இருந்தால் அது ஒரு பற்றறி. பலவீனமான உலோகம் கரையத் தொடங்கும். சூடு அந்த வேகத்தைக் கூட்டும்.

கூலன்ட் போத்தலில் கிளைக்கோல்தான் பெரும்பகுதி. ஆனால் வேலை செய்வது அதில் சில வீதமே இருக்கும் தடுப்பு இரசாயனங்கள். சிலிக்கேட் அலுமினியத்தின் மேல் படலம் கட்டுகிறது. நைட்ரைட் இரும்பைக் காக்கிறது. அசோல் வகைச் சேர்மங்கள் செம்பையும் பித்தளையையும் காக்கின்றன. போரேட்டும் பொஸ்பேட்டும் அமிலம் ஏறாமல் பிடித்து வைக்கின்றன. சூட்டிலும் காற்றிலும் கிளைக்கோல் மெல்ல மெல்ல அமிலமாகச் சிதையும். அந்த அமிலத்தை முறிப்பதில் தடுப்பு இரசாயனம் செலவழிகிறது. அது தீர்ந்த நாளிலிருந்து அதே கூலன்ட் எஞ்சினை அரிக்கத் தொடங்குகிறது. நிறம் அப்போதும் பளிச்சென்று பச்சையாகவே இருக்கும்.

லைனரில் விழும் குழி

டீசல் எஞ்சினுக்கென்றே உள்ள ஒரு நோயைப் பற்றி நம் பக்கத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை. கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேராகக் கூலன்டில் நனைந்தபடி இருக்கும். இதை வெட் லைனர் என்பார்கள். ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தை உதைக்கிறது. லைனர் அடித்த மணிபோல அதிர்கிறது. அது பின்வாங்கும் கணத்தில் அதன் வெளிச் சுவரை ஒட்டிய தண்ணீரில் அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றும். அடுத்த கணம் லைனர் திரும்பி வர, குமிழிகள் அதன் மேலேயே நசுங்கி வெடிக்கும். அந்த அடி ஊசி முனை அளவு இடத்தில், மிகப் பெரிய அழுத்தத்தோடு விழுகிறது.

1,500 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 750 தடவை எரிகிறது, மணிக்கு 45,000 தடவை. பலநாள் படகு ஒரு பயணத்தில் 400 மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு லைனருக்கும் 1 கோடியே 80 இலட்சம் உதை. முதலில் லைனரின் வெளிப்புறத்தில், மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், சிறு புள்ளிகள் விழும். புள்ளி குழியாகும், குழி ஓட்டையாகும். அதன் பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி எண்ணெயில் கலக்கும், எண்ணெய் பால் நிறமாகும். நின்ற எஞ்சினில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கரையிலிருந்து பல நாள் தொலைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

குமிழி வெடிப்பதை எந்தக் கூலன்டும் முழுதாக நிறுத்தாது. ஆனால் நைட்ரைட் இரும்பின் மேல் மெல்லிய கடினமான ஒட்சைட்டுப் படலம் ஒன்றைக் கட்டுகிறது. குமிழியின் அடி அந்தப் படலத்தில் விழுகிறது, படலம் பெயர்ந்த இடத்தில் நைட்ரைட் உடனே மறுபடி கட்டுகிறது. உலோகம் தப்புகிறது. நைட்ரைட் தீர்ந்தால் அடி நேரே உலோகத்தில் விழும். கார்களுக்கென்று செய்த சாதாரணக் கூலன்டில் இந்தக் காப்பு பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் போதாது. காருக்கு அது தேவையும் இல்லை. கார் றேடியேற்றருக்கு வாங்கியதையே படகு எஞ்சினுக்கும் ஊற்றுவதால் வரும் பெரிய நட்டம் இதுதான்.

பெரிய கப்பல்களில் வேலை செய்து வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பிரதான எஞ்சினின் குளிர்நீரில் பொதுவாகக் கிளைக்கோல் இருக்காது. வடித்த நீரில் நைட்ரைட் போரேட் மருந்தைக் கலந்து, அதன் அளவை அடிக்கடி சோதித்துப் பதிவு செய்வார்கள். கிளைக்கோல் இல்லாமலும் எஞ்சினைக் காக்கலாம், தடுப்பு மருந்து இல்லாமல் காக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. கட்டர்பில்லர் போன்ற சில உற்பத்தியாளர்கள் உறைபனி இல்லாத இடங்களில் தங்கள் எஞ்சின்கள் சிலவற்றுக்கு இம்முறையை அனுமதிக்கிறார்கள், தண்ணீரில் 6 முதல் 8 வீதம் தடுப்பு மருந்து சேர்க்கச் சொல்கிறார்கள். செலவு குறையும். ஆனால் மருந்தின் அளவைச் சோதனைத் தாளால் ஒழுங்காகப் பார்க்கும் பழக்கம் இல்லாத படகுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூலன்ட் கலவையில் கொஞ்சம் கவனப் பிசகு நேர்ந்தாலும் தாங்கும் இடைவெளி உண்டு. இதில் இல்லை. முன்பு சிலர் தண்ணீரில் கரையும் கட்டிங் ஒயிலை ஊற்றி வெள்ளைத் தண்ணீராக ஓட்டிய வழக்கம் இன்னும் அங்கங்கே உண்டு, அதை விட்டுவிடுவது நல்லது. அது றப்பர் ஹோஸ்களை ஊதவைக்கும், சூடு கடத்தலையும் கெடுக்கும்.

போத்தலில் எதைப் படிப்பது

நிறத்துக்கு உலகத்தில் எந்த விதியும் இல்லை. அது கசிவைக் காட்டவும் ஒரே நிறுவனத்தின் வகைகளைப் பிரித்தறியவும் போடும் சாயம். ஒரு நிறுவனத்தின் பச்சை பழைய சிலிக்கேட் வகையாக இருக்கும், இன்னொன்றின் பச்சை கரிம அமில வகையாக இருக்கும். படகு எஞ்சின் செய்யும் வால்வோ பென்டாவையே பாருங்கள்: பழைய கூலன்ட் பச்சை, புதியது மஞ்சள், இரண்டையும் கலக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். வேறொரு நிறுவனத்தின் மஞ்சளுக்கும் இந்த மஞ்சளுக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருக்கும் தர எண்ணைப் பாருங்கள். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி3306 என்று மட்டும் இருந்தால் அது கார், சிறிய வாகனங்களுக்கானது. டி4985 என்றால் கனரக எஞ்சினுக்கான குறைந்த சிலிக்கேட் கூலன்ட், ஆனால் லைனரைக் காக்கும் மருந்தைத் தனியே சேர்த்தால்தான் அது முழுமையாகும். டி6210 என்றால் அந்த மருந்தும் சேர்ந்தே வருகிறது. வெட் லைனர் டீசல் எஞ்சினுக்கு, கையேடு வேறு எதையும் குறிப்பிடாவிட்டால், நான் தேடுவது இந்த டி6210 தான். ஜப்பானிய எஞ்சின்களின் கையேட்டில் ஜேஐஎஸ் கே 2234 என்ற தரத்தைக் காணலாம். அதில் ஆண்டு முழுவதும் வைத்திருக்கத்தக்கது இரண்டாம் வகை, எல்எல்சி என்பார்கள். தர எண் எதுவுமே இல்லாமல் "சூப்பர் கூலன்ட்" என்று மட்டும் எழுதிய மலிவுக் கேனில் சாயத் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வாங்காதீர்கள்.

தர எண்ணுக்குப் பின்னால் இரசாயனக் குடும்பம் இருக்கிறது. பழைய கனிம வகை வேகமாகக் காப்பைக் கட்டும், வேகமாகவே தீரும். அதன் ஆயுள் வழக்கமாக இரண்டு ஆண்டு. கரிம அமில வகை தேவைப்படும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்து ஆண்டு வரை போகும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. நீண்ட ஆயுள் என்றவுடன் கரிம வகையை எடுத்துவிடக் கூடாது. பழைய எஞ்சினில் ஈயப் பற்றாசு வைத்த கூலர் இருந்தால், அல்லது சிலிக்கோன் சீல்கள் இருந்தால், சில கரிம வகைகள் அவற்றுக்கு ஒத்துவராது. மறுபக்கம், அலுமினியம் நிறைய உள்ள புதிய எஞ்சினில் நைட்ரைட் கூடிய கூலன்ட் நல்லதல்ல. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு நைட்ரைட் இல்லாமலே லைனரைக் காக்கும் கரிம வகையை உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பார்.

ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் கையேடு இருக்காது. எஞ்சினில் அடித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெட் லைனரா, அலுமினியம் எங்கெல்லாம் இருக்கிறது. விடை கிடைத்தால் தெரிவு தானாகவே சுருங்கிவிடும்.

ஆயுளைப் பற்றி இன்னொன்று. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்பதெல்லாம் எது முதலில் வருகிறதோ அதுவரை, மணிக்கணக்கோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பலநாள் படகின் 400 மணி நேரப் பயணம் ஒன்று, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறிக்கு 20,000 கிலோமீற்றர். ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் படகுக்காரர் எப்போதும் பிந்திவிடுவார்.

எந்தத் தண்ணீர்?

நல்ல கூலன்டையும் கெட்ட தண்ணீர் வீணாக்கிவிடும். நம் கரையில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதல் உண்மை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி முதல் கல்முனை தாண்டியும் மக்கள் வாழ்வது கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில். அங்கே கிணற்றில் ஊறும் நல்ல தண்ணீர், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதிகம் இறைத்தால் உவர் ஏறும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்து கெட்ட கிணறுகளை இந்த ஊர்கள் மறக்கவில்லை.

கூலன்ட் கலக்கும் தண்ணீருக்குக் கட்டர்பில்லர் வைத்திருக்கும் வரம்பு, லீற்றருக்குக் குளோரைட் 40 மில்லிகிராமுக்கும் மொத்தக் கடினத்தன்மை 170 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது என்பது. மனித நாக்குக்கு உப்பு தெரியத் தொடங்குவதோ 200 முதல் 300 மில்லிகிராம் குளோரைட்டில்தான். அதாவது குடிக்க இனிக்கும் கிணற்றுத் தண்ணீரிலும் எஞ்சினின் வரம்பைப்போல் ஐந்து மடங்கு குளோரைட் இருக்கலாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். 40 லீற்றர் சுத்தமான தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவர 84 மில்லிலீற்றர் கடல்நீர் போதும், ஒரு தேநீர்க் கோப்பைகூட நிரம்பாது. குளோரைட் செய்யும் கேடு, உலோகத்தின் மேல் கட்டிய காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்துக் குழி பறிப்பது.

கடினத் தண்ணீரின் கேடு வேறு. அதிலுள்ள கல்சியம் சூடான இடத்தில் சுண்ணாம்புப் படையாக ஒட்டி, சூடு வெளியேறுவதைத் தடுக்கும். ஜப்பானியக் கூலன்ட்களில் பொஸ்பேட் அதிகம், ஏனெனில் சிலிக்கேட் தண்ணீர்ப் பம்பின் சீலைத் தேய்க்கும் என்று அவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். ஐரோப்பியத் தண்ணீர் கடினமானது என்பதால் அங்கே பொஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிக்கேட்டை வைக்கிறார்கள். பொஸ்பேட் உள்ள ஜப்பானியக் கூலன்டை நம் கரையோரக் கிணற்றின் கடினத் தண்ணீரில் கலந்தால், காக்க வேண்டிய மருந்தே கல்சியத்தோடு சேர்ந்து படையாக இறங்கும்.

வடித்த நீரைத்தான் கலக்க வேண்டும். பற்றறிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எந்த மோட்டார்க் கடையிலும் கிடைக்கும். பற்றறி அமிலத்தைத் தவறி எடுத்துவிடாமல் போத்தலைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடைப் போத்தல் குடிநீரில் தாது உப்பு இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பார்க்கச் சுத்தமானது, ஆனால் அழுக்கும் கிருமியும் உலோகத் துகளும் அதில் சேர்கின்றன. வடித்த நீரைத் தனியாக ஊற்றி ஓட்டுவதும் கூடாது, மருந்து சேராத சுத்த நீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கலக்கும் வேலையே வேண்டாம் என்றால் ரெடிமிக்ஸ் வாங்கலாம். நாற்பது லீற்றரில் பாதிக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்பது உண்மைதான். ஆனாலும் நல்ல தண்ணீர் கையில் இல்லாத இடத்தில் அது வீண் செலவல்ல.

அளவு, டொப்பப், கசிவு

உறைபனி இல்லாத ஊரில் கிளைக்கோலைக் குறைத்துவிடலாமா? ஓரளவுக்குத்தான். தடுப்பு மருந்து கிளைக்கோலோடு சேர்ந்தே வருவதால், 30 வீதத்துக்குக் கீழே போனால் மருந்தும் போதாமல் போகும், மெலிந்த கிளைக்கோலில் கிருமிகளும் வளரலாம். 60 வீதத்துக்கு மேலே போனால் சூடு கடத்தல் கெடும், மருந்து கூழாகப் பிரிந்து அடியில் தங்கும். கையேட்டில் வேறு அளவு இல்லாவிட்டால் நம் கடலுக்கு 40 வீதம் நல்ல நடுவழி. வால்வோ பென்டா தன் ரெடிமிக்ஸை விற்பதும் 40க்கு 60 என்ற அளவில்தான். 40 லீற்றர் கொள்ளும் எஞ்சினுக்கு 16 லீற்றர் கொன்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்), 24 லீற்றர் வடித்த நீர். வெளியே ஒரு சுத்தமான வாளியில் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். வெளிக் குழாய் வளையம் உள்ள படகில் மொத்தக் கொள்ளளவு எஞ்சின் கையேட்டிலுள்ளதைவிடக் கூடும், வடிக்கும்போது அளந்து எழுதி வையுங்கள். அந்தக் குழாயையோ கலக்கும் வாளியையோ நாகமுலாம் பூசிய இரும்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், கூலன்டின் மருந்து துத்தநாகத்தோடு வினைபுரிந்து வீணாகும்.

அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீற்றர் என்ற சிறு கருவி உண்டு. ஒரு துளி விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால் உறைநிலை தெரியும். நமக்கு உறைநிலை வேண்டாம், அதிலிருந்து செறிவை அறியலாம்: கழித்தல் 18 என்றால் மூன்றில் ஒரு பங்கு கிளைக்கோல், கழித்தல் 24 என்றால் 40 வீதம், கழித்தல் 37 என்றால் பாதி. 40 லீற்றர் எஞ்சினில் 20 வீதம்தான் இருக்கிறது என்று தெரிந்தால், 10 லீற்றரை வடித்துவிட்டு அதே அளவு கொன்சென்ட்ரேட்டை ஊற்றினால் 40 வீதம் வந்துவிடும். ஆனால் கடல்நீர் கலந்திருந்தால் இந்தக் கருவி ஏமாற்றும், ஏனெனில் உப்பும் கிளைக்கோலைப்போலவே காட்டும். சந்தேகம் இருந்தால் குளோரைட் சோதனைத் தாள் வேண்டும்.

கடலில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, எஞ்சின் அடியில் ஈரமே இல்லை என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாயைச் சந்தேகியுங்கள். சூட்டில் மூடிய சுற்றின் அழுத்தம் கடல்நீர்ப் பக்கத்தைவிடக் கூடுதல் என்பதால், ஓட்டை விழுந்த குழாய் வழியாகக் கூலன்ட் கடலுக்குப் போய்விடும். எஞ்சின் ஆறிய பிறகு அதே ஓட்டையால் கடல்நீர் உள்ளே வரலாம். கடல்நீர்ப் பக்கத்தில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டையை, அது குழாய்க்குப் பதிலாகத் தான் கரைவது, முழுதாகக் கரைவதற்குமுன் மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த ஓட்டை பெரும்பாலும் வராது. டொப்பப் செய்ய, அதாவது குறைந்ததை நிரப்ப, கலந்த கூலன்டையே படகில் வைத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரைச் சேர்க்கச் சேர்க்கச் செறிவு யாருக்கும் தெரியாமல் இறங்கும். வேறு வழியே இல்லாமல் கடல்நீரை ஊற்றிக் கரை வந்து சேர்ந்தால், கட்டிய அன்றே வடித்து, நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, புதிதாக நிரப்புங்கள். அடுத்த பயணம் வரை விட்டுவைக்கக் கூடாது.

வகை மாற்றும்போதும் அப்படித்தான். இரண்டு குடும்பங்கள் கலந்துவிட்டால் எஞ்சின் அன்றைக்கே பழுதாகாது. ஆனால் நீண்ட ஆயுள் போய், குறைந்த ஆயுள்தான் மிஞ்சும். சில கலவைகள் கூழாகி மெல்லிய வழிகளை அடைக்கும். பழையதை வடித்து, வடியும் நீர் தெளியும்வரை அலசி, பிறகு புதியதை ஊற்றுவதே சரி. துரு நிறைந்த பழைய எஞ்சினைக் கழுவியதும் புதிய கசிவுகள் தெரிந்தால் புதுக் கூலன்டைக் குறை சொல்ல வேண்டாம், துருதான் அதுவரை அந்த ஓட்டைகளை மூடி வைத்திருந்தது.

வாடைக் காலத்தில் படகு வாரக்கணக்கில் கட்டிக் கிடக்கும்போது மூடிய சுற்றை வடித்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நல்லதல்ல. காற்றுப் பட்ட ஈர இரும்பு நிறைந்து நிற்கும் இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சரியான கலவையை வாய்வரை நிரப்பி விட்டுவிடுங்கள். கடல்நீர்ப் பக்கத்தை மட்டும் நல்ல தண்ணீரால் அலசி வடியுங்கள். குளிர் நாட்டு வீடியோக்களில் கடல்நீர்ப் பக்கத்துக்குள் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பனிக்காலத்தில் குழாய் வெடிக்காமல் இருக்கச் செய்வது, புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்தது. அதை எஞ்சினின் கூலன்டாகப் பாவிக்கக் கூடாது, இங்கே அதற்கு வேலையும் இல்லை.

குடிதண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில்

எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், அது நஞ்சு. 100 மில்லிலீற்றர் அளவே வளர்ந்த ஒருவரின் உயிரைப் பறிக்கக் கூடும், குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவு போதும். முதலில் வெறியேறியதுபோலத் தெரியும், பிறகு ஒரு இரண்டு நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். பலநாள் படகில் குடிதண்ணீரும் கூலன்டும் ஒரே மாதிரிக் கேன்களில், ஒரே மூலையில் கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரவில், இருட்டில், களைத்துப் போனவர் எந்தக் கேனை எடுப்பார்? கூலன்டை அதன் சொந்தக் கேனிலேயே, எஞ்சின் அறைக்குள், பூட்டி வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. கடல்நீர் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் குணங்குறி தெரியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் எடுத்துப் போய் வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும்.

வடித்த பழைய கூலன்ட் வாவிக்குள் போகக் கூடாது. கிளைக்கோல் தண்ணீரில் சிதையும்போது மீனுக்கு வேண்டிய ஒட்சிசனைத் தின்றுவிடும், பழைய கூலன்டில் கரைந்த செம்பும் ஈயமும் சேற்றில் தங்கும். முகத்துவாரம் மூடிக் கிடக்கும் மாதங்களில் வாவித் தண்ணீருக்குப் போக வழியும் இல்லை. கரையில் நாயும் ஆடும் குடிக்கக் கூடிய திறந்த வாளியிலும் அதை விடாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எஞ்சின் எண்ணெயோடு கலக்காமல், கழிவு எடுக்கும் கராஜ் ஏதாவது இருந்தால் அங்கே கொடுங்கள். புதியதை ஊற்றிய கையோடு தொட்டி மூடிக்குப் பக்கத்தில் அழியாத மையால் நான்கு விபரம் எழுதிவிடுங்கள்: கூலன்டின் பெயர், தர எண், கலந்த வீதம், எஞ்சின் மணிக்கூடு காட்டிய மணி. அடுத்த பயணத்தில் வேறொருவர் டொப்பப் செய்யும்போது அவருக்கு இந்த விபரம் கையில் இருக்க வேண்டும்.